ஈஸ்ட் கூறும் சான்று

ஞாயிற்றின் ஒளியின்றி உலகில் உயிர்கள் வாழ்தல் அரிது. செடிகொடிகள் தமக்கு வேண்டும் உணவை அவ்வொளியின் துணைகொண்டே ஆக்கிக்கொள்கின்றன. ஏனைய உயிர்கள் அவற்றைச் சார்ந்து வாழ்கின்றன. எனினும், உயிரை வளர்க்கும் அவ்வொளியிலேயே உயிருக்கு ஊறு செய்யும் கூறு ஒன்றும் கலந்துள்ளது. நெடுநாள் வெயிலில் கிடந்த துணி நிறம் மங்குகிறது. வெயிலில் உழைப்போரின் தோல் கறுக்கிறது. இவ்விரண்டிலும் பெரும்பங்கு கொள்வது கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒளியாகும். அதுவே புற ஊதா ஒளி.

அவ்வொளி உயிர்களை எவ்வாறு தாக்குகிறது என்பதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே கண்டறியலாம். அதற்கு அரிய விலங்கோ விலையுயர்ந்த கருவியோ வேண்டுவதில்லை. ரொட்டி செய்வோர் மாவில் கலக்கும் ஈஸ்டில் ஒரு சிட்டிகை இருந்தால் போதும். சோதனை எளிது, ஆனால், அதன் முடிவு நம்பத்தக்கதாக அமைதல் எளிதன்று. அதற்கு வேண்டிய கவனம் யாது, அக்கவனத்தால் விளையும் பயன் யாது என்பனவற்றை இப்பாடம் விளக்கும்.

கண்ணுக்குப் புலப்படாத ஒளி

வெள்ளொளியை முப்பட்டைக் கண்ணாடியினூடே செலுத்தினால் அது சிவப்பு முதல் ஊதா வரையிலான நிறங்களாகப் பிரியும். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூல் அறிஞர், அந்நிறங்களில் வெப்பமானிகளை வைத்துச் சோதித்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லாததுபோல் தோன்றிய இடத்தில், வெப்பம் மிகுந்திருக்கக் கண்டார். ஒரு முனைக்கு அப்பால் புலப்படாத கதிர் இருக்குமாயின், மறுமுனைக்கு அப்பாலும் அவ்வாறு ஒன்று இருத்தல் கூடுமன்றோ? இவ்வாறு எண்ணியவர் ஜெர்மன் நாட்டு யேனா நகரத்து அறிஞர் யோகான் வில்லெம் ரிட்டர் என்பார். வெள்ளிக் குளோரைடு ஒளி பட்டால் கருமையடையும் இயல்புடையது. 1801இல் ரிட்டர் அப்பொருளை நிறமாலையில் வைத்துப் பார்த்தபொழுது, அது ஊதாவுக்கு அப்பாலுள்ள இருண்ட பகுதியிலேயே மிக விரைவாகக் கறுத்தது. புற ஊதா ஒளி இவ்வாறு உலகுக்குப் புலனாயிற்று.

ஒளி அலைகளாகச் செல்வது. கண்ணுக்குப் புலனாகும் ஊதா ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டர் ஆகும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்று ஒரு நானோமீட்டர். புற ஊதா ஒளியின் அலைநீளம் 400 நானோமீட்டரினும் குறைந்தது. அறிஞர்கள் அதனை மூன்று பிரிவாக வகுத்துள்ளனர். 315 முதல் 400 வரையுள்ளது ‘ஏ’ பிரிவு. 280 முதல் 315 வரையுள்ளது ‘பி’ பிரிவு. 100 முதல் 280 வரையுள்ளது ‘சி’ பிரிவு. அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகள் ஒவ்வொன்றின் ஆற்றலும் மிகும். ஞாயிற்றிலிருந்து புறப்படும் ‘சி’ பிரிவுக் கதிர்களை வளிமண்டலம் முற்றிலும் தடுத்துவிடுகிறது. ‘பி’ பிரிவுக் கதிர்களிலும் பெரும்பகுதி ஓசோன் படலத்தில் தங்கிவிடும். எஞ்சியவையே நிலத்தை அடைவன.

இவ்வொளிக்கும் நுண்ணுயிர்களுக்கும் உள்ள தொடர்பை 1877இல் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளன்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் விளக்கிக் காட்டினர். அவர்கள் நுண்ணுயிர்கள் வளர்தற்கேற்ற நீர்மத்தைக் கண்ணாடிக் குழாய்களில் நிரப்பினர். சில குழாய்களை வெயிலில் அப்படியே வைத்தனர். சிலவற்றை ஈயத் தகட்டால் சுற்றி அதே வெயிலில் வைத்தனர். தகட்டால் மூடிய குழாய்களில் நீர்மம் கலங்கிற்று. அஃதாவது, நுண்ணுயிர்கள் பெருகின. வெயில் பட்ட குழாய்களில் நீர்மம் தெளிந்தே இருந்தது. ஒளியின் நீல, ஊதா முனையே இவ்வாற்றல் மிகுதியும் உடையது என்பதையும் அவர்கள் கண்டனர். ஈயத் தகடு சுற்றிய அக்குழாய் இல்லையாயின், வெயிலில் வைத்த குழாய் தெளிந்திருந்ததற்குப் பொருளே இராது. இக்கருத்து மேலே வரும் சோதனைக்கும் அடிப்படையாகும்.

ஈஸ்ட்

ஈஸ்ட் என்பது காளான் இனத்தைச் சேர்ந்த ஒற்றை உயிரணுவாலாகிய உயிர். டச்சு நாட்டுத் துணி வணிகரும் நுண்ணோக்கி வல்லுநருமான லீவன்ஹூக், 1680இல் அதனைத் தம் கருவியின் வழியே கண்டு எழுதினார். எனினும், அஃது உயிருள்ள பொருள் என்பதும், சர்க்கரையைச் சாராயமும் கரியமில வாயுவுமாக மாற்றுவது அதுவே என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டன. லூயி பாஸ்டர் அதனை ஐயமற நிலைநாட்டினார். ரொட்டி மாவு பொங்குவது அவ்வாயுவினால். பனையிலிருந்து இறக்கும் இனிய சாறு கள்ளாகப் புளிப்பதிலும் ஈஸ்டுக்குப் பங்குண்டு. பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது, அந்நுண்ணுயிர்களின் வேலையைத் தடுத்தற்பொருட்டேயாம்.

ரொட்டி ஈஸ்டின் உயிரணு ஒன்று 5 முதல் 10 மைக்ரோமீட்டர் அளவே உடையது. அதாவது, நூறு முதல் இருநூறு உயிரணுக்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் தேறும். தாய் உயிரணுவின் பக்கத்தில் சிறு முகிழ் ஒன்று தோன்றி வளர்ந்து பிரிந்து புதிய உயிரணு ஆகும். உணவும் வெப்பமும் ஏற்றவாறு அமைந்தால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிவிடும். இவ்விரட்டிப்புத் தடையின்றி நடைபெறின், ஓர் உயிரணு 24 மணி நேரத்தில் 65,536 ஆகப் பெருகும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவை உணவுத் தட்டில் வைத்தால், இரண்டு மூன்று நாள்களில் அதன் வழித்தோன்றல்கள் ஒன்றுதிரண்டு குண்டூசித் தலையளவு வெண்புள்ளியாகக் காட்சியளிக்கும். இப்புள்ளியைக் ‘காலனி’ என்பர்.

ஈஸ்ட் மலிவானது, நோய் விளைக்காதது, விரைந்து வளர்வது. இவற்றினும் சிறந்த காரணம் ஒன்றுண்டு. பாக்டீரியாவைப் போலன்றி, ஈஸ்டின் உயிரணுவில் மனித உயிரணுவிற்போலவே உட்கரு உண்டு. அதன் மரபுச் செய்தி முழுவதும் 1996இல் படித்தறியப்பட்டது. ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் அதில் உள்ளன. அவற்றுட் பல மனிதரிடத்தும் ஒத்த வடிவில் காணப்படுகின்றன. ஆதலின், ஈஸ்டுக்கு நேர்வது பலபொழுது மனித உயிரணுவுக்கு நேர்வதையும் உணர்த்தும்.

சோதனை செய்யும் முறை

முதற்கண் உணவுத் தட்டுகளை ஆயத்தம் செய்தல் வேண்டும். சர்க்கரை, பெப்டோன், ஈஸ்ட்டுச் சாறு ஆகியவற்றை நீரில் கரைத்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்னும் பொருளைச் சேர்த்து, அழுத்தக் கொப்பரையில் கொதிக்கவைத்துக் கிருமி நீக்குவர். அக்கரைசலைத் தட்டையான மூடியுள்ள தட்டுகளில் ஊற்றினால், ஆறியதும் கூழ்போல் உறைந்துவிடும்.

அடுத்து, ஈஸ்டை நீரில் கலத்தல் வேண்டும். ஒரு கிராம் உலர்ந்த ஈஸ்டை 100 மில்லிலிட்டர் தூய நீரில் கலந்தால், அந்நீரின் ஒரு துளியிலேயே இலட்சக்கணக்கான உயிரணுக்கள் இருக்கும். அவற்றை அப்படியே தட்டில் பரப்பினால் தட்டு முழுவதும் வெண்படலமாகிவிடும், எண்ண இயலாது. ஆதலால், அக்கலவையில் ஒரு மில்லிலிட்டரை ஒன்பது மில்லிலிட்டர் தூய நீருடன் சேர்ப்பர். அது பத்தில் ஒரு பங்கு செறிவாகும். அதிலிருந்து ஒரு மில்லிலிட்டரை எடுத்து மீண்டும் ஒன்பதுடன் சேர்த்தால் நூற்றில் ஒரு பங்காகும். இவ்வாறு ஐந்து முறை செய்தால் இலட்சத்தில் ஒரு பங்காகிவிடும். அந்நீரிலிருந்து ஒரே அளவு எடுத்து ஒவ்வொரு தட்டிலும் சீராகப் பரப்புவர். தட்டு ஒன்றுக்கு நூறு முதல் இருநூறு காலனிகள் வரையில் தோன்றுமாறு அமைத்தல் எண்ணுவதற்கு ஏற்றது.

புற ஊதா ஒளிக்குக் குறைந்த அழுத்தப் பாதரச விளக்கைப் பயன்படுத்துவர். மருத்துவமனைகளிலும் குடிநீர் நிலையங்களிலும் கிருமிகளைக் கொல்ல உதவுவது இவ்விளக்கே. அதன் கதிர்களுள் பெரும்பகுதி 254 நானோமீட்டர் அலைநீளம் உடையது. இவ்வொளி கண்ணுக்கும் தோலுக்கும் கேடு விளைப்பது. அது கண்ணிற் படும்பொழுது வலி தோன்றாது. சில மணி நேரம் கழித்தே மணல் விழுந்தாற்போன்ற கடும் உறுத்தல் எழும். ஆகவே, விளக்கை மூடிய பெட்டியினுள் அமைத்து, ஆசிரியரே அதனை இயக்குதல் வேண்டும். விளக்கு எரியும்பொழுது மாணவர் எவரும் அதனை நோக்குதலோ கையை உட்செலுத்துதலோ கூடாது.

பத்துத் தட்டுகளை எடுத்து இரண்டிரண்டாகப் பிரிப்பர். முதல் இரண்டிற்கும் கதிர் படாது. ஏனையவற்றிற்கு முறையே 10, 20, 30, 40 விநாடிகள் கதிர் படும். பின்னர்த் தட்டுகள் அனைத்தையும் 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் இரண்டு மூன்று நாள்கள் வைத்துக் காலனிகளை எண்ணுவர். கதிர் படாத தட்டில் சராசரி 150 காலனிகளும், 20 விநாடி கதிர் பட்ட தட்டில் 96 காலனிகளும் தோன்றின எனக் கொள்க. அவ்வாறாயின், பிழைத்தவை நூற்றுக்கு 64 ஆகும்.

இந்நூற்று விழுக்காடுகளை வரைபடமாக வரைந்தால் ஓர் உண்மை புலனாகும். முதற்சில விநாடிகளில் எண்ணிக்கை மிகுதியும் குறைவதில்லை. அதன்பின்னரே விரைந்து சரியத் தொடங்கும். சிறிதளவு ஊறு நேர்ந்தால் ஈஸ்ட் அதனைத் தாங்கிக்கொள்கிறது. ஊறு ஓரளவைக் கடந்த பின்னரே மடிகிறது. எவ்வாறு தாங்கிக்கொள்கிறது என்னும் வினா இங்கேயே எழுகிறது.

ஒன்றை மட்டும் மாற்றுதல்

சோதனையின் உயிர்நிலை ஒரு விதியில் அடங்கும். ஆராயும் ஒன்றை மட்டும் மாற்றுதல் வேண்டும். ஏனைய யாவும் மாறாதிருத்தல் வேண்டும். விளக்குக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். தொலைவு மாறினால் கதிரின் அளவும் மாறும். விளக்கை ஏற்றியவுடன் ஒளி சீராக வருவதில்லை. ஆதலின், சில நிமிடம் எரியவிட்ட பின்னரே தட்டுகளை வைத்தல் வேண்டும். கதிர் படாத தட்டுகளையும் ஏனையவற்றைப் போலவே பெட்டியினுள் வைத்து, மூடியைத் திறந்து, கறுப்புத் தாளால் மறைத்து, அதே நேரம் விடுதல் நன்று. அப்பொழுதுதான் திறந்து வைத்ததனாலோ வெப்பத்தாலோ நேர்ந்த இழப்பு, கதிரால் நேர்ந்த இழப்பாகக் கணக்கில் ஏறாது.

தட்டின் மூடியைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். சாளரத்துக் கண்ணாடி பார்வைக்குத் தெளிவானது. கண்ணொளி அதனூடே தடையின்றிச் செல்லும். ஆனால், 254 நானோமீட்டர்க் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். தட்டு செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்கும் தடுத்துவிடும். மூடியை அகற்ற மறந்த மாணவன், “புற ஊதா ஒளி ஈஸ்டை ஒன்றும் செய்வதில்லை” என்று முடிவு கட்டிவிடுவான். அவன் எண்ணிக்கையில் பிழை இராது, முடிவே பிழையாகும்.

வேறொரு வகைப் பிழையும் உண்டு. 40 விநாடி கதிர் பட்ட தட்டில் ஒரு காலனியும் தோன்றவில்லை எனின், ஈஸ்ட் முழுவதும் மடிந்தது என்று கூறலாமா? கூறலாகாது. 150 உயிரணுக்களுள் ஒன்றும் பிழைக்கவில்லை என்பதே அத்தட்டு கூறும் செய்தி. ஆயிரத்தில் ஒன்று பிழைத்திருப்பின் அச்சிறு தட்டு அதனைக் காட்ட வல்லதன்று. அதனை அறிய, செறிவு மிகுந்த நீரைப் பரப்பி, பத்தாயிரமோ ஒரு இலட்சமோ உயிரணுக்களைக் கதிர் முன் நிறுத்துதல் வேண்டும்.

முரண்பட்ட இரு தட்டுகள்

மேற்கூறிய கவனம் யாவும் மேற்கொண்டு ஒரு மாணவர் குழு சோதனை செய்தது எனக் கொள்க. 30 விநாடி கதிர் பட்ட இரு தட்டுகளுள் ஒன்றில் 24 காலனிகள், மற்றொன்றில் 71. இரண்டிலும் பரப்பிய நீர் ஒன்றே, விளக்கு ஒன்றே, நேரமும் ஒன்றே. சிறு வேறுபாடு இயல்பானதே. நூறு காலனிகள் எதிர்பார்க்கும் இடத்தில் பத்தளவு கூடுவதும் குறைவதும் தற்செயலாக நிகழும். ஆனால், 24க்கும் 71க்கும் இடையிலுள்ள வேறுபாடு தற்செயலானதாகத் தோன்றவில்லை.

இந்நிலையில் மாணவர் உள்ளத்தில் எழும் எண்ணங்கள் பல. வரைபடத்தில் அழகாகப் பொருந்தும் எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்று ஒருவர் கருதுவர். இரண்டையும் கூட்டிச் சராசரி எழுதிவிடலாம் என்று மற்றொருவர் கருதுவர். இவ்விரண்டும் முறையல்ல. முன்னது உண்மையை மறைப்பது. பின்னது அதனைப் புதைப்பது. இரு எண்களையும் கண்டவாறே குறித்துவைத்து, அத்தட்டுகள் எவ்விடத்தில் எவ்வளவு நேரம் இருந்தன என்பதைத் தேடுவதே முறை. அவ்வாறு தேடியவிடத்து, 24 காலனி தோன்றிய தட்டு உடனே இருண்ட வளர்ப்புப் பெட்டியினுள் சென்றது என்றும், 71 காலனி தோன்றியது சிறிது நேரம் சாளரத்தருகே கிடந்தது என்றும் தெரியவருமாயின், அம்மாணவர் ஒரு பெரிய உண்மையின் வாயிலில் நிற்கின்றனர் எனலாம். அவ்வாயிலை முன்னரே திறந்தவர் ஒருவர் உண்டு.

கெல்னர் கண்ட உண்மை

அமெரிக்க நாட்டின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் கெல்னர் என்பார், ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைத் தரும் நுண்ணுயிரைப் புற ஊதா ஒளியில் வைத்து ஆராய்ந்துவந்தார். ஒரே அளவு கதிர் பட்டும், பிழைத்த நுண்ணுயிர்களின் எண்ணிக்கை ஒருநாளைப் போல் மறுநாள் இருக்கவில்லை. வேறுபாடு சிறிதன்று, மிகப் பெரிதாய் இருந்தது. கதிர் பட்ட பின் அவை இருந்த வெப்பநிலையே காரணம் என அவர் முதலில் ஐயுற்றார். வெப்பநிலையை எவ்வளவு கருத்தாகக் காத்தும் வேறுபாடு நீங்கவில்லை. அவருடைய குப்பிகள் சாளரத்தருகே மேசைமீதிருந்த கண்ணாடி நீர்த்தொட்டியில் தொங்கிக்கொண்டிருந்தன. சில குப்பிகள்மீது வெளிச்சம் மிகுதியாகவும், சிலவற்றின்மீது குறைவாகவும் விழுவதை அவர் கண்டார். வெளிச்சமே காரணமாயிருக்குமோ என்னும் எண்ணம் பிறந்தது.

உடனே அதனைத் தனியே சோதித்தார். கதிர் பட்ட நுண்ணுயிர்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றை இருளிலும் மற்றொன்றைச் சாதாரண வெளிச்சத்திலும் வைத்தார். இருளில் இருந்தவை மீளவில்லை. வெளிச்சத்தில் இருந்தவற்றுள் பிழைத்தவை இலட்சம் மடங்குக்கும் மேல் மிகுந்தன. கண்ணுக்குப் புலனாகாத ஒளி செய்த ஊற்றைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஆற்றியது! இக்கண்டுபிடிப்பு 1949இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் ரெனாட்டோ டல்பெக்கோ என்பார், பாக்டீரியாவைத் தாக்கும் வைரசுகளிடத்தும் இவ்வுண்மையைக் கண்டார்.

ஒவ்வாத எண்களைக் கெல்னர் ஒதுக்கித் தள்ளியிருந்தால் இவ்வுண்மை அவர் கைக்கு எட்டியிராது. அவர் தேடியது வேறு, கண்டது வேறு. தேடாததையும் காணும் பேறு, கண்டதை மாற்றாது குறித்துவைப்போர்க்கே வாய்க்கிறது.

உயிரணுவின் உள்ளே

புற ஊதா ஒளி உயிரணுவினுள் யாது செய்கிறது? ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. உயிரணு எவ்வாறு வாழ்தல் வேண்டும், எவ்வாறு பெருகுதல் வேண்டும் என்னும் கட்டளை முழுவதும் அதில் நான்கு வகை எழுத்துகளால் எழுதப்பட்டிருப்பது போல் அமைந்துள்ளது. அந்நான்கனுள் ஒன்று தைமின். 260 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளமுள்ள கதிரை இவ்விழை மிகுதியாக உட்கொள்ளும். அப்பொழுது அடுத்தடுத்துள்ள இரு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏட்டில் இரண்டு எழுத்துகள் மை கசிந்து ஒன்றாகிவிட்டாற்போல, அவ்விடத்தைப் படிக்க இயலாது போகிறது. உயிரணு பெருகும்பொழுது இழையைப் படியெடுத்தல் வேண்டுமன்றோ? படியெடுக்கும் வேலை அங்கே தடைப்படுகிறது. அன்றி, பிழையான எழுத்து ஏறிவிடுகிறது. தடைப்பட்டால் உயிரணு மடியும். பிழை ஏறினால் இயல்பு மாறும்.

இதனைச் செப்பனிட உயிரணுவிடம் வழிகள் பல உள்ளன. ஒருவகை நொதி, ஒட்டிய இடத்தைத் தேடிப் பற்றி, நீல ஒளியின் ஆற்றலை ஏற்று, அவ்விரு தைமின்களையும் பிரித்து முன்போல் ஆக்கிவிடுகிறது. கெல்னரின் குப்பிகளில் வேலை செய்தது அதுவே. இந்நொதி ரொட்டி ஈஸ்டிலும் உண்டு என்பதைக் கிளாட் ரூபர்ட் என்னும் அறிஞர் 1960இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். மற்றொரு வழிக்கு ஒளி வேண்டுவதில்லை. பழுதுற்ற துண்டை நொதிகள் வெட்டியெறிந்து, எதிரிழையைப் பார்த்துப் புதிய துண்டை நிரப்பிவிடும். கதிர் பட்ட முதற்சில விநாடிகளில் ஈஸ்ட் மிகுதியும் மடியாதிருந்ததற்கு இத்தகைய செப்பனிடும் வேலைகளே காரணம். பழுதுகள் செப்பனிடும் வேகத்தை மிஞ்சும்பொழுதே அது மடிகிறது. டி.என்.ஏ. செப்பனிடப்படும் முறைகளை விளக்கியமைக்காக டோமஸ் லிண்டால், பால் மாட்ரிக், அசீஸ் சாஞ்சார் ஆகிய மூவர்க்கும் 2015இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அவருள் சாஞ்சார், ரூபர்ட்டின் ஆய்வுக்கூடத்தில் இந்நொதியைப்பற்றிப் பயின்றவர்.

முரண்பட்ட இரு தட்டுகளைக் கண்ட மாணவர் செய்யத்தக்கது இப்பொழுது தெளிவாகும். பல தட்டுகளுக்கு 30 விநாடி கதிரைச் செலுத்தி, மூடியிட்டு, பாதியைக் கறுப்புத் தாளில் சுற்றி, மறுபாதியை வெளிச்சத்தில் அதே வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைத்து, பின்னர் அனைத்தையும் ஒருங்கே வளர்த்தல் வேண்டும். கதிர் படாத தட்டுகளிலும் பாதியை இருளிலும் பாதியை வெளிச்சத்திலும் வைத்தல் வேண்டும். கதிர் பட்டவற்றுள் மட்டும் வெளிச்சத்தில் இருந்தவை மிகுதியான காலனிகளைக் காட்டுமாயின், முதலில் கண்ட முரண்பாடு பிழையன்று என்பதும், உயிரணு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொண்டதன் அடையாளம் என்பதும் விளங்கும்.

மனிதரும் ஈஸ்டும்

ஒளியால் செப்பனிடும் அந்நொதி மனிதரிடம் இல்லை. வெயிலால் தோலின் உயிரணுக்களில் நேரும் பழுதை நீக்க மனித உடல் வெட்டி நிரப்பும் வழியையே நம்பியுள்ளது. பிறவியிலேயே அவ்வழி குன்றியவர் மிகச் சிலர் உளர். அவர்கள் தோல் சிறிது வெயிலையும் தாங்காது. இளமையிலேயே தோலில் புற்றுநோய் தோன்றும். அந்நோயாளரின் உயிரணுக்கள் பழுதைச் செப்பனிட இயலாதவை என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் என்பார் கண்டறிந்தார். அந்நோய்க்குக் காரணமான மனித மரபணுக்கள் பலவற்றிற்கு ஒத்த மரபணுக்கள் ஈஸ்டிலும் உள்ளன. ஈஸ்டில் அவை செய்யும் வேலையை ஆராய்ந்தமை, மனிதரிடத்து அவை செய்யும் வேலையை அறியவும் துணைபுரிந்தது.

செப்பனிடும் வழிகள் நீக்கப்பெற்ற ஈஸ்ட் வகை ஒன்றும் பள்ளிச் சோதனைகளுக்கெனக் கிடைக்கிறது. அமெரிக்க நாட்டின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் அதனைப் பள்ளிகளுக்கு அறிமுகம் செய்தனர். சாதாரண ஈஸ்ட் எளிதில் தாங்கிக்கொள்ளும் வெயிலில், அவ்வகை சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்கும். ஆகவே, அதனைக்கொண்டு சோதனை செய்யக் கேடு தரும் விளக்கு வேண்டுவதில்லை. நண்பகல் வெயிலே போதும். தட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒரு பாதியில் வெயில் காக்கும் களிம்பைப் பூசியோ, துணியால் மறைத்தோ வெயிலில் வைத்தால், எது எவ்வளவு காக்கிறது என்பதைக் காலனிகளின் எண்ணிக்கையே கூறிவிடும்.

சாதாரண ஈஸ்டையும் அவ்வீஸ்டையும் ஒரே வெயிலில் அருகருகே வைத்துக் காணும் மாணவர், வெயிலின் ஊறு எவ்வளவு பெரிது என்பதையும், உயிரணு நாள்தோறும் ஓயாது செய்யும் செப்பனிடும் பணி எவ்வளவு பெரிது என்பதையும் ஒருங்கே உணர்வர். வெயிலில் நடக்கும் ஒவ்வொருவர் தோலிலும் அப்பணி நடைபெறுகிறது. அதனை வெளிப்படுத்தியது ஒரு சிட்டிகை ஈஸ்டும், சாளரத்தருகே இருந்த குப்பியும், கண்டதைக் கண்டவாறே எழுதிய குறிப்பேடுமேயாகும்.